பன்னிரண்டு பெட்டிகளின் இறுதிப் பயனர்

2091 மார்ச் 3, காலை 9.10

நிலவு, தென்முனை இடைக்கிடங்கு. பதிபவர்: பெனடிக்டா பர்னாந்து, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலர். இங்கே ஆள் நான் ஒருத்திதான். ஏற்றி இறக்குவது இயந்திரங்கள்.

இன்று வந்தவை 41 பெட்டிகள். எந்தப் பொருள், யாருக்கு, எதற்கு என்று பார்த்து 29க்கு ஒப்புதல் கொடுத்தேன். மீதி 12 நிறுத்திவைப்பு. ரசீதில் ‘தண்ணீர் பம்புக்கான மின்கருவி’ என்றிருக்கிறது. வாங்குபவர் நிலவின் மறுபக்கக் குடியேற்றத்தில் உள்ள ஒரு நீர்ப்பணி நிறுவனம். பதிவாகி இரண்டு மாதம்தான் ஆகிறது.

காற்றிலிருந்து கரியமிலவாயுவை நீக்கும் வடிப்பான்: கையிருப்பு 5. ஒன்று இரண்டு நாள் தாங்கும். 9ஆம் தேதி கப்பலில் அறுபது வருகிறது. குறை ஒன்றும் இல்லை.

மார்ச் 4, பகல் 11.40

ஒரு பெட்டியைத் திறந்து கருவியின் விவரத் தகட்டைப் படித்தேன். மோட்டாரை மிக வேகமாக, துளியும் பிசகாமல் சுழற்றும் கருவி. 1200 ஹெர்ட்ஸ். தண்ணீர் பம்புக்கு நூறே தாராளம். இந்த வேகம் தேவைப்படுவது அணுகுண்டுக்காக யுரேனியம் செறிவூட்டும் இயந்திரத்துக்கு. மறுபக்கக் குடியேற்றத்துக்கு இதை விற்கவே கூடாது என்று தடை இருக்கிறது.

தூத்துக்குடி அலுவலகத்தில் எங்கள் கப்பல் பிரிவு மேலாளர் இசக்கிமுத்துவை அழைத்தேன்.

“மேடம், வாங்குறவங்க ‘வேற எதுக்கும் பயன்படுத்த மாட்டோம்’னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்கல்லா? பெறவு நாம எதுக்குத் துருவிக்கிட்டு? அனுப்பி விடுங்க.”

“தண்ணி பம்புக்கு எதுக்கு சார் ஆயிரத்து இருநூறு ஹெர்ட்ஸ்?”

பூமியிலிருந்து பதில் வர மூன்று நொடி பிடிக்கும். பன்னிரண்டு நொடி ஆனது.

“நீங்க ரொம்ப யோசிக்குதீய, மேடம்.”

மார்ச் 5, காலை 10.05

பழைய பதிவுகளைத் தேடினேன். இதே நிறுவனத்துக்கு இதே கருவி ஜனவரியில் இரண்டு தடவை போயிருக்கிறது. மொத்தம் 40. ஒப்புதல் கையெழுத்து என்னுடையது. அந்த இரண்டு தேதிகளிலும் நான் மூன்று வார விடுப்பில் தூத்துக்குடியில் இருந்தேன், தங்கை கல்யாணத்துக்கு. என் மின்கையெழுத்தைப் போடும் வசதி இசக்கிமுத்துவிடம் மட்டுமே உண்டு.

ஒன்பது வருடமாக ஒரு தவறான பெட்டியைக்கூட நான் விட்டதில்லை.

எல்லாச் சான்றுகளையும் இணைத்து, உரிமம் வழங்கும் இயக்ககத்துக்கு நேரடியாக அறிக்கை அனுப்பினேன்.

மார்ச் 7, காலை 8.30

நடவடிக்கை எடுத்துவிட்டார்கள். எங்கள் நிறுவனம் தடைப்பட்டியலில் ஏறியது; இனி யாரும் அதற்கு எதையும் கொடுக்கவோ அதனிடம் வாங்கவோ கூடாது. கூடவே அதன் கப்பல்கள், கணக்குகள், கிடங்குகள். ஏழாவது வரியில் இந்தக் கிடங்கும் இருக்கிறது.

கணினிப் பதிவேடு பூட்டிக்கொண்டது. இனி சரக்குத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அவசர வானொலி மட்டும் வேலை செய்கிறது.

மார்ச் 9, பகல் 1.15

வடிப்பான் கப்பல் (வேறு நிறுவனத்துடையது) கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை வந்து திரும்பிவிட்டது. கேப்டன் தௌலத் பேசினார். ஆறு வருடப் பழக்கம்.

“மன்னிச்சிருங்கம்மா. உங்க கிடங்கைத் தொட்டா எங்க இன்சூரன்ஸ் ரத்து. அடுத்த துறைமுகத்துல கப்பலையே புடிச்சி வச்சிருவாங்க. என்னோட பதினாலு பேரு இருக்காங்க.”

“வடிப்பானை மட்டும் கீழ போட்டுட்டுப் போங்க, கேப்டன்.”

“போட்டாலும் அது சப்ளைதான்மா. கேட்டுப் பாத்துட்டேன்.”

அழுதார் என்று நினைக்கிறேன். இயக்ககத்தை அழைத்தேன். சாருமதி என்ற அதிகாரி எடுத்தார்.

“உங்க ரிப்போர்ட் ரொம்பத் தெளிவா இருந்துச்சு மேடம். அதை வெச்சுத்தான் தடையே போட்டோம். ஆனா கம்பெனி பேர் ஏறினா அதோட எல்லா இடமும் சேர்ந்துதான் ஏறும். உயிர்காக்கும் பொருளுக்கு விலக்கு கேட்டு விண்ணப்பம் குடுங்க. நான் இன்னிக்கே மேல அனுப்புறேன்.”

“எத்தனை நாள் ஆகும்?”

“பதினஞ்சு வேலை நாள்.”

“எனக்கு நாலு நாள்தான் மேடம் காத்து இருக்கு.”

மீட்பு ஊர்தியாவது அனுப்பச் சொன்னேன். அதற்கும் அதே விலக்குதான் வேண்டுமாம்.

மார்ச் 11, மாலை 4.00

கடைசி வடிப்பான். தலைவலி. பாதி விளக்கை அணைத்துவிட்டேன். அசையாமல் படுத்திருந்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். சாருமதி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அழைக்கிறார். சொல்ல அவரிடம் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் அழைக்கிறார்.

மார்ச் 12, காலை 7.20

மறுபக்கத்திலிருந்து ஓர் ஊர்தி வருகிறது. வானொலியில் இளம் குரல், மிகுந்த மரியாதை.

“அக்கா, முப்பது வடிப்பான் கொண்டாந்திருக்கோம். அந்தப் பன்னெண்டு பெட்டியைக் குடுத்திருங்க, போதும். உங்ககிட்ட மிச்சம் ஒண்ணுதான் இருக்குன்னு இசக்கிமுத்து அண்ணன் சொன்னாரு.”

“அதை வெச்சு என்ன செய்வீங்க?”

“தண்ணி இறைப்போம்க்கா.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். பகல் ஒரு மணிக்குள் வந்துவிடுவார்கள்.

ஏற்கெனவே 40 போயிருக்கிறது. இந்த 12உம் சேர்ந்தால் செறிவூட்டும் இயந்திரங்களின் ஒரு முழு வரிசை ஓடும் என்பது என் கணக்கு. சாருமதியிடம் சொன்னேன். “நான் உங்களுக்கு என்ன சொல்றது மேடம்?” என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

மார்ச் 12, பகல் 12.35

பதினொரு பெட்டிகளைத் திறந்து, உள்ளே உள்ள கட்டுப்பாட்டுச் சில்லில் துளையிட்டேன். வெளியே ஒரு கீறல் கிடையாது. முத்திரையை மறுபடி ஒட்டியாயிற்று. ஒன்றை மட்டும் நல்லபடி விட்டு அடுக்கின் உச்சியில் வைத்திருக்கிறேன். சோதித்தால் அதைத்தான் சோதிப்பார்கள். ஒற்றைக் கருவியால் யாருக்கும் கேடு வராது.

மூச்சு வாங்குகிறது. எழுத்து கோணுகிறது. இதைக் கண்டெடுப்பவருக்கு: ஜனவரி ஒப்புதல்கள் என்னுடையவை அல்ல. சான்றுகள் இயக்ககத்திடம் இருக்கின்றன.

மார்ச் 12, பகல் 1.20

மூன்று பேர். கதவைத் திறந்துவிட்டேன். பெட்டிகளை இயந்திரம் அடுக்கு கலையாமல் அவர்கள் ஊர்தி அருகே கொண்டுபோய் வைத்தது. வடிப்பான்கள் அவர்கள் காலடியில். இன்னும் தரவில்லை.

“ஒண்ணை ஓட்டிப் பாத்துட்டுத் தந்திருதோம்க்கா. தப்பா நெனைக்காதீங்க.”

நான் சரக்கு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். கையில் தாளும் பேனாவும். சரக்குக் கணக்கு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

1.26

மோட்டாரையும் மின்கம்பியையும் விரிக்கிறார்கள். இளைஞன் உச்சிப் பெட்டியில் கைவைத்தான். அதுதான். அதுதான்.

1.28

மூத்தவன் வேண்டாம் என்று தலையசைக்கிறான். உச்சிப் பெட்டியை இறக்கித் தரையில் வைக்கச் சொல்கிறான். அடுத்ததையும் இறக்குகிறார்கள். அதற்கடுத்ததையும்.

1.31

அடியில் இருந்ததைத் திறந்துவிட்டார்கள். கம்பியை மாட்டுகிறான். சுவிட்சைப் போட்டான். மோட்டார் அசையவில்லை.

மறுபடி போடுகிறான்.

மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். இளைஞன் வடிப்பான்களை எடுத்து ஊர்திக்குள் வைக்கிறான், ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். மூத்தவன் கண்ணாடி அருகே வந்து