பூஜைக்கு அணைத்த ரவுட்டர்

“இத பசங்களுக்குப் புரியிற மாதிரி எப்படி சார் சொல்றது?” என்று ஒருமுறை என்னிடம் கேட்டீர்கள். இன்று ஆயுத பூஜை. சந்தனம் வைப்பதற்காக வீட்டு வைஃபை பெட்டியை மருமகள் அணைத்தாள். ஈரச் சந்தன வாசனையோடு உங்கள் கேள்வியும் வந்து நின்றது.

ஆரணி பாலிடெக்னிக்கில் நான் கணக்கு ஆசிரியன். நீங்கள் கணினி ஆய்வகத்தில் தற்காலிக ஊழியர். ரவுட்டரில் கம்பி செருகும் ஈதர்நெட் போர்ட்டுக்கு முகவரி கொடுத்தால் மட்டும் போதாது, ‘நோ ஷட்டவுன்’ என்று கட்டளையிட்டுத் திறக்கவும் வேண்டும் என்றீர்கள்.

“கதவுல நம்பர் எழுதினா ஆச்சா? உள்தாழ்ப்பாள எடுக்கணும்னு சொல்லுங்க” என்றேன்.

“அப்ப சேவ் பண்றது?”

“சேவ் பண்ணாத வரைக்கும் கரும்பலகை எழுத்துதான். கரண்ட் போனா டஸ்டர் போட்ட மாதிரி.”

அந்த வருடம் எங்கள் தாளாளர், பட்டுச்சேலை வியாபாரி, ஆய்வகத்தில் உள்ள மதிப்பெண்களை அலுவலகக் கணினியில் விருந்தினர்களுக்குத் திறந்து காட்ட ஆசைப்பட்டார். நடந்தால் உங்கள் வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் பெண் என்று உங்களுக்குப் பார்த்திருந்த சந்தவாசல் பெண்வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

பூஜையன்று காலை ரவுட்டரில் ஆய்வகத்துக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என்று இரண்டு போர்ட்டுகளையும் அமைத்துத் திறந்தீர்கள். மதிப்பெண்கள் தெரிந்தன. சேமிக்க வேண்டியதுதான் பாக்கி. தாளாளர் வாசலில் நின்று கத்தினார்: “யோவ், பொட்டி தட்டிகினே இருப்பியா? பூசணிக்கா தூக்க ஆள் இல்ல, ஜல்தியா வா!”

“ஒரே நிமிஷம் சார்.”

“சாமிய விட உன் நிமிஷம் பெருசா?”

எழுந்து போனீர்கள். அன்று நம் ஊரில் தறிகூட ஓடாது. பியூன் மெயின் சுவிட்சை இறக்கி, ரவுட்டரைத் துடைத்து, குங்குமம் வைத்தார். தீபாராதனை முடிந்து மறுபடி மின்சாரம் கொடுத்தபோது, அன்றுதான் கடையிலிருந்து வந்ததுபோல அது எல்லாவற்றையும் மறந்திருந்தது. விருந்தினர் முன் அலுவலகத் திரையில் ஒன்றும் வரவில்லை.

“அஞ்சு நிமிஷம் குடுங்க சார், மறுபடி போட்டுடறேன்.”

“நீ பூசணிக்கா ஒடைக்கத்தான் லாயக்கு. கெளம்பு, நாளைக்கு வராத.” விருந்தினர்கள் சிரித்தார்கள்.

“நீங்க கூப்ட்டதாலதானே எழுந்து வந்தார்?” என்றேன்.

“கணக்கு வாத்தியார் கணக்க மட்டும் பாருங்க.”

வேலூரிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். உங்கள் கைக்குப் பழகிய அதே கட்டளைகளைத்தான் அவரும் தட்டினார். அவருக்குப் பொன்னாடை போர்த்திக் கைதட்டினார்கள். நீங்கள் வாசலில் குனிந்து, செருப்புக் குவியலில் உங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

சந்தவாசல் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். அதன்பின் நீங்கள் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. கண்ணமங்கலத்தில் ரீசார்ஜ் கடை வைத்தீர்கள். சென்ற வருடம் அங்கேயே போய்ச் சேர்ந்தீர்கள். தாளாளர் மலர்வளையம் அனுப்பியிருந்தார். ‘எங்கள் விரிவுரையாளருக்கு’ என்று அதில் எழுதியிருந்தது. உயிரோடு இருந்தவரை உங்களுக்குத் தராத பதவி.

யாராவது “ஒரே நிமிஷம்” என்று கேட்டால் நான் வாய் திறவாமல் காத்திருக்கிறேன். உங்களிடமிருந்து எனக்கு வந்தது அது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: போர்ட்டை அமைத்ததும் சேமியுங்கள், பிறகு உங்கள் கையாலேயே ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.