நனைந்த பாதைக்கு நூற்றுப்பத்து

ஈப்போ
3.9.2025

அன்புள்ள சுபாஜினிக்கு,

விசாரணை முடியும்வரை நாம் பேசக் கூடாது என்று போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். அதனால் இதை உன் அக்கா மாதுமை கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவளுக்குக் கவலை.

மேலெழும்பாமல் நிறுத்திய விமானம் ஓடுபாதைக்குள் நிற்காமல் புல்லுக்குள் ஓடியது ஏன் என்று பதினைந்தாம் தேதி கேட்பார்கள். வேகத்தைக் கணக்கிட்டவள் நீ. பாதை ஈரமாக இருந்ததைக் கவனிக்கவில்லை என்று சொல்லிவிடு. துணை விமானி, சின்ன வயது, மறுபயிற்சியோடு விட்டுவிடுவார்கள். தலைமை விமானி நான், எனக்கு உரிமமே போய்விடும். புறப்படுமுன் அலுவலக அறையில் நாம் பேசியது எந்தப் பதிவிலும் இல்லை.

அன்புடன்,
அத்தான் திருக்குமரன்

ஜெலாப்பாங்
6.9.2025

அன்புள்ள அத்தானுக்கு,

அக்கா கொண்டுவந்த புட்டு நன்றாக இருந்தது. பாதிதான் இறங்கியது.

நேற்று பத்து காஜா ஊர் மருத்துவமனையில் தினேஸ்வரியைப் பார்த்தேன். நம் விமானப் பணிப்பெண்களில் அவளுக்கு மட்டும்தான் முதுகெலும்பில் அடி. இன்னும் எழுந்து உட்கார விடவில்லை. “அக்கா, நம்பர் சரியாத்தானே போட்டீங்க?” என்று கேட்டாள்.

ஒரு வேகம் உண்டு, அதற்குள் கோளாறு தெரிந்தால் நிறுத்தலாம், தாண்டிவிட்டால் பறந்துதான் ஆக வேண்டும் என்று விளக்கினேன். பாதை நனைந்திருந்தால் பிரேக் பிடிக்காது, அதனால் அந்த எண்ணைக் குறைக்க வேண்டும் என்றேன். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

நனைந்த பாதைக்கு நூற்றுப்பத்து என்றுதான் நான் எழுதினேன். நீங்கள், “மழ விட்டுருச்சு லா. காஞ்ச நம்பரே போடு” என்றீர்கள். நூற்றிருபது என்று திருத்தினேன். நூற்றுப்பதினாறில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. நிறுத்தினீர்கள். பாதை போதவில்லை. நூற்றுப்பத்தே இருந்திருந்தால் நிறுத்தாமல் பறந்திருப்போம்.

இதை நீங்களே சொல்லிவிடுங்கள் அத்தான்.

சுபா

ஈப்போ
9.9.2025

சுபாஜினிக்கு,

திருத்தியது உன் கை. அதை மறக்காதே. நான் வேலையில்லாமல் உட்கார்ந்தால் அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பாய்? பதினைந்தாம் தேதிக்கு முன் ஒரு வரி எழுது.

திருக்குமரன்

ஜெலாப்பாங்
13.9.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நான்கு நாளாக வேறு எதையும் நினைக்க முடியவில்லை. திருத்தியது என் கைதான். முடியாது என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். பயந்து சும்மா இருந்தேன். அதையும் சேர்த்தே சொல்லப் போகிறேன். கவனிக்கவில்லை என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது, கவனித்தேன். உங்கள் கடிதங்களை யாருக்கும் காட்ட மாட்டேன்.

இந்த உறையை ஒட்டாமல்தான் அக்காவிடம் கொடுக்கிறேன்.

சுபா

ஈப்போ
2.10.2025

சுபாஜினிக்கு,

உன் கடிதத்தை மாதுமை படித்துவிட்டுத்தான் என் முன்னால் வைத்தாள். “நீங்க சொல்றீங்களா, அவ சொல்லட்டுமா?” என்று மட்டும் கேட்டாள். விசாரணையில் என்னை முதலில் கூப்பிட்டார்கள். நூற்றுப்பத்து என்று நீ எழுதியதையும் நான் மாற்றச் சொன்னதையும் சொன்னேன். உன் வாக்குமூலமும் அப்படியே இருந்தது என்றார்கள்.

உரிமத்தை நேற்று ஒப்படைத்தேன். உனக்கு ஆறு மாதம் தடை என்று கேள்வி. அதன் பிறகு பறப்பாய்.

தினேஸ்வரியைப் போய்ப் பார்த்தேன். பிடித்துக்கொண்டு நான்கு அடி நடந்தாள்.

தீபாவளிக்கு அக்கா உன்னைக் கூப்பிடுவாள். கட்டாயம் வா. அன்று நான் வீட்டில் இருக்க மாட்டேன். நீ செய்தது சரி என்று தெரிகிறது. உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட இன்னும் முடியவில்லை.

திருக்குமரன்