மூலை சேராத கொல்லை

காலையிலிருந்து பக்கத்து வீட்டில் புளி தட்டுகிறார்கள். அந்தப் புளிப்பு வாசனை சன்னல் வழியாக வந்து, நான் திருத்திக்கொண்டிருந்த கணக்குத் தாள்களின் மேல் உட்கார்ந்துகொண்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெருப் பிள்ளைகள் கணக்கோடு வந்துவிடுகிறார்கள். கொட்டை ஒன்று தட்டில் விழும் சத்தம் கேட்டது. உடனே என் கை நின்றுவிட்டது. எங்கே தப்பு விட்டேன் என்று தாளை முதலிலிருந்து பார்த்தேன். நீ போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சத்தத்துக்கு இப்படி நடுங்குகிறேன் என்று தெரிந்தால் உனக்கு எவ்வளவு கொண்டாட்டமாக இருக்கும்!

யுத்த காலம் அது. நமக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் இருக்கும். பி.ஏ. கணிதம் தேறியிருந்தும் எல்.டி. என்ற ஆசிரியர் பயிற்சிப் பட்டம் இல்லாததால் தர்மபுரிப் பள்ளியில் என்னைத் தற்காலிகமாகத்தான் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கோடைக்கும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எல்.டி. தேறினால் நிரந்தர வேலை. தவறினால் பென்னாகரம் சாலையோரத்துக் கொல்லையில் அப்பாவோடு கடலைக்காய் பிடுங்கப் போக வேண்டியதுதான். எனக்கும் ஏருக்கும் ஒத்துப்போகாது என்பது நம் மாடுகளுக்கே தெரியும்.

பட்டணத்துப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தேன். எழுத்துப் பரீட்சையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. பாடம் நடத்திக் காட்டுவதில்தான் கண்டம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் வகுப்பெடுக்க, கூடப் படிக்கும் மற்றவர்கள் கடைசி பெஞ்சில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து அவன் குற்றங்களை எழுதுவார்கள். என் முதல் பாடத்துக்கு ஒருவன் எழுதியதை நான் சாகும்வரை மறக்கப் போவதில்லை: "இவர் கரும்பலகைக்கு மிக நன்றாகப் பாடம் நடத்தினார். மாணவர்கள் இருப்பதை யாரேனும் இவருக்குத் தெரிவிக்கலாம்." உண்மைதான். நாற்பது முகங்களைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

மாசியில் பத்து நாள் விடுமுறைக்கு வந்தபோது இதை உன்னிடம் சொன்னேன். நீ புளி தட்டிக்கொண்டிருந்தாய். ஆறுதல் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். நீ பித்தளைத் தட்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாய்.

"எனக்கு எழுத வராதுங்க. தப்பு ஒண்ணுக்கு ஒரு கொட்டை போடறேன். நீங்க பாட்டுக்கு நடத்துங்க."

மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரி பூசினோம். வகுப்பில் நீ ஒருத்தி, இரண்டு எருமைகள். நான் சுவரைப் பார்த்துப் பேசினால் ஒரு கொட்டை. முணுமுணுத்தால் ஒரு கொட்டை. ஒரே வாக்கியத்தில் மூன்று தடவை "ஆகவே" சொன்னதற்கு மூன்று கொட்டை. முதல் நாள் தட்டு பாதி நிறைந்தது. எட்டிப் பார்த்த என் ஆத்தா, "புருசனுக்குக் கொட்டை போட்டு மார்க்கு குடுக்கறவள இப்பத்தான் பாக்கறேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள். மறுநாள் அவளும் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் போட்ட கொட்டைகளுக்குக் காரணமே கிடையாது. நான் கறுத்துப் போயிருப்பதற்குக்கூட ஒன்று போட்டாள்.

நான்காவது நாள் முக்கோணத்தின் பரப்பு. மூன்று பக்கமும் தெரிந்தால் பரப்பு காண ஒரு சூத்திரம் உண்டு. மிடுக்காகச் சுவரில் எழுதிப் படித்துக் காட்டினேன்: ஒரு கொல்லையின் பக்கங்கள் இருபது அடி, முப்பது அடி, அறுபது அடி. பரப்பு என்ன?

நீ ஒன்றிரண்டல்ல, ஒரு பிடிக் கொட்டையை அள்ளித் தட்டில் போட்டாய்.

"ஏன்?" என்றேன். கோபம் வந்துவிட்டது.

"இந்தக் கொல்லைக்கு வேலி கட்ட முடியாதுங்களே."

"உன்னை வேலி கட்டச் சொல்லவில்லை. பரப்பு கேட்டேன்."

"அறுபது அடிக்கு ஒரு வேலி போட்டாச்சு. அந்தக் கடைசியிலிருந்து இருபது, இந்தக் கடைசியிலிருந்து முப்பது. என்ன வளைச்சாலும் மூலை சேராதுங்க. மாடு பூந்துடும்."

எந்த இரண்டு பக்கமும் சேர்ந்தால் மூன்றாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்ற தேற்றத்தை இங்கிலீஷில் நெட்டுருப் போட்டவன் நான். பட்டம் வாங்கிய எனக்குத் தோன்றாதது, எண் எழுதத் தெரியாத உனக்குக் கேட்டதும் தோன்றியது. அன்று சாயங்காலம்வரை உன்னோடு பேசவில்லை. உனக்கு அதுவும் சிரிப்பாகத்தான் இருந்தது.

பரீட்சை நாளில் நாலாம் பாரத்துப் பிள்ளைகளுக்கு நடத்த அதே பாடத்தைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். பரீட்சகர் கறுப்புக் கோட்டும் கக்கத்தில் குடையுமாக வந்து பின்னால் உட்கார்ந்தார். பத்திரமான இரண்டு கணக்குகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். முதலாவது கொல்லையின் பக்கங்கள் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து அடி. இரண்டாவது அதையே இரட்டித்து இருபத்தாறு, இருபத்தெட்டு, முப்பது. கரும்பலகைப் பக்கம் திரும்பியபோது அவர் இருமினார். அவ்வளவுதான். பதின்மூன்று, பதினான்கு என்று எழுதிய கை மூன்றாவதாக முப்பதை எழுதிவிட்டது.

பின்னால் பென்சில் ஓடும் சத்தம். என் காதில் விழுந்தது உன் தட்டுச் சத்தம்தான். ஒரு பிடிக் கொட்டை. திரும்பிப் பலகையைப் பார்த்தேன். பதின்மூன்றும் பதினான்கும் சேர்ந்தால் இருபத்தேழுதான். அழித்தால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும், அழிக்காவிட்டால் கணக்கே கிடையாது. என்ன செய்வதென்று தெரியாமல், உன் வாயில் வந்ததையே சொன்னேன்.

"இந்தக் கொல்லைக்கு வேலி கட்ட யார் வருகிறீர்கள்?"

நாலைந்து பேர் எழுந்து ஓடி வந்தார்கள். அடியை அங்குலமாக்கி, பலகையின் கீழ்ப்பக்கத்தில் முப்பது அங்குலக் கோடு போட்டார்கள். சாக்குக்கட்டி கட்டிய கயிற்றால் இந்த முனையிலிருந்து ஒரு வில், அந்த முனையிலிருந்து ஒரு வில். இரண்டும் ஒன்றை ஒன்று தொடவில்லை. "சேரலை சார்!" என்று வகுப்பே கத்தியது. "சேராவிட்டால் என்ன ஆகும்? மாடு புகுந்துவிடும்!" என்றேன். ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பில் என் நாக்கு அவிழ்ந்துகொண்டது. முப்பதைப் பதினைந்தாக்கிப் பாடத்தை முடித்தபோது, நான் ஒரு தடவைகூடப் பலகையோடு பேசவில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெளியே பரீட்சகர் என்னைக் கூப்பிட்டார். "வேண்டுமென்றே தப்பான கணக்கைக் கொடுத்து அவர்களையே கண்டுபிடிக்க வைத்தீர். நல்ல முறை. இதை யாரிடம் கற்றீர்?" என்று கேட்டார்.

தேறிவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன். வேலை கிடைத்த செய்தியோடு ஓடி வந்து, அவர் கேட்டதை உன்னிடம் சொன்னபோது நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க வூட்டுக்காரிகிட்டன்னு சொன்னேன்."

"நெசமாவா! அவுரு என்னங்க சொன்னாரு?"

"ஒரு நாளைக்கு வந்து பாக்கறேன்னாரு."

அன்று நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஊர் முழுக்கச் சொன்னாய். எருமைகளிடமும் சொன்னாய் என்றுதான் நினைக்கிறேன். பென்னாகரம் சாலையில் கோட்டும் குடையுமாக யார் நடந்து வந்தாலும் கை வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாய். "அவுரு கம்பு ரொட்டி சாப்புடுவாருங்களா?" என்று கேட்பாய். தலை நரைத்த பிறகும், "அவுருக்கும் வயசாயிருக்கும், பஸ்ஸுல வர முடியாதோ என்னமோ" என்று அவருக்காக நீயே சமாதானம் சொல்லிக்கொண்டாய்.

உண்மை இதுதான். அவர் கேட்டபோது என் பேராசிரியர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "இவரிடம்தான் கற்றேன், ஐயா" என்று அவரைக் காட்டினேன். ஒரு நாளைக்கு வந்து பார்ப்பதாகப் பரீட்சகர் சொன்னதும் நானே கட்டியதுதான். படிக்காத மனைவியின் பேரைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு அந்த வெட்கத்தை நினைத்து வெட்கப்பட்டேன். முப்பது வருடம் ஒவ்வொரு புது வகுப்பிலும் அந்த வேலிக் கணக்கைப் போட்டு, இது என் மனைவி எனக்குச் சொல்லிக் கொடுத்தது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அன்று நடந்ததை உன்னிடம் மட்டும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் நீ கோபித்துக்கொண்டிருக்க மாட்டாய், சிரித்துத்தான் இருப்பாய். ஆனால் மறுநாளிலிருந்து சாலையை எட்டிப் பார்ப்பதை விட்டிருப்பாய். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இப்போது குடையோடு யாராவது வந்தால் நான் எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.