ஏழாம் பகுதி கிடைத்துவிட்டது

விட்பி,
ஆகஸ்ட் 14.

அன்புள்ள தெல்மாவுக்கு,

க்ளெனிஸ் எழுதுவது. உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்த பிறகும் பிரித்திருக்கிறாய் என்றால், கடைசி வரை படித்துவிடு என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீயும் உன் மகள் ரோவெனாவும் நலமாக இருக்க வேண்டும். முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன் உலகத்தின் மறுகோடி நெல்சனிலிருந்து நீ அனுப்பிய கடைசி கிறிஸ்துமஸ் வாழ்த்தில் இருந்த விலாசத்துக்குத்தான் இதை அனுப்புகிறேன். வீடு மாறியிருந்தால் யாராவது தயவு பண்ணி உன்னிடம் சேர்க்கட்டும்.

நான் சுகம். எழுபத்தேழு வயதுக்கு எது சுகமோ அது. வலது முழங்காலை மாற்றி வைத்திருக்கிறார்கள். கடைக்கு இறங்கினால் மேடு ஏறி வர மூன்று இடத்தில் நிற்கிறேன். லெஸ்லி போய் ஆறு வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்லவே இல்லை, பார். கடைசிவரை நல்ல கணவராகவே இருந்தார். வலியில்லாமல் போனார்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஏழாம் பகுதி கிடைத்துவிட்டது.

ஆமாம், நாம் நடித்த 'கோபுரம் பதினொன்று' டிவி தொடரின் ஏழாம் பகுதியேதான். பழைய நாடாக்களை அழித்து அதன்மேலேயே குதிரைப் பந்தயத்தைப் பதிந்தார்களே, அந்தக் காலத்தில் போனது. இனிக் கிடைக்காது என்று எல்லோரும் கைகழுவிவிட்டோம். ஒலிப்பதிவாளர் வில்ஃப் கார்சைடை ஞாபகம் இருக்கிறதா? காதில் பென்சில் செருகிக்கொண்டு, யாரோடும் பேசாமல் ஒரு மூலையில் சாண்ட்விச் தின்பாரே, அவர். போன மார்ச்சில் தவறிவிட்டார். மகள் வீட்டைக் காலி செய்தபோது, கார் கொட்டகையில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு ஃபிலிம் சுருளும் நான்கு ஒலிநாடாக்களும் இருந்தனவாம். குப்பைக்குப் போக இருந்ததை அந்த மனுஷர் வீட்டுக்குத் தூக்கிப் போயிருக்கிறார். ஐம்பது வருஷம் வாயைத் திறக்கவில்லை.

சேதி சொன்னவர் டெஸ்மண்ட் பிக்கர்ஸ்கில். ரசிகர் சங்கச் செயலாளர். லீட்ஸில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் தொடர் ஓடியபோது அவருக்கு ஒன்பது வயது. இப்போதும் சங்கக் கூட்டம் என்றால் கோபுரத்துக் காவலர் கோட்டு போட்டுக்கொண்டுதான் வருவார். பித்தான் போட முடியாது, திறந்தே விட்டிருப்பார். நாற்பது வருஷமாக என்னை என் வேஷத்தை வைத்து 'நர்ஸ்' என்றுதான் கூப்பிடுகிறார். அன்றைக்குப் போனில், "நர்ஸ், உக்காந்திருக்கீங்களா? இல்லேன்னா மொதல்ல உக்காருங்க" என்றார். அப்புறம் அவரே அழுதுவிட்டார்.

அக்டோபர் பதினாலு, பதினைந்தில் ஸ்கார்பரோவில், கடலைப் பார்த்த பெரிய ஹோட்டலில் இரண்டு நாள் விழா வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை பிற்பகல் ஏழாம் பகுதியைத் திரையில் போடுகிறார்கள். நவம்பரில் முழுத் தொடரும் வட்டுகளாக, அழகான பெட்டியில், படங்கள் போட்ட புத்தகத்தோடு வெளிவருகிறது. அட்டைப் படத்தில் கோபுரம் எவ்வளவு கம்பீரமாக நிற்கிறது தெரியுமா? நீ கதவைச் சாத்தினால் சுவரே ஆடும், அதை ரெண்டு தச்சர்கள் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று அந்தப் படத்தைப் பார்த்தால் யார் நம்புவார்கள்!

எத்தனை ஞாபகம் வருகிறது. மூடுபனிப் பூதமாக ரப்பர் உடுப்புக்குள் நின்ற ரோனி, இடைவேளையில் தலையை மட்டும் கழற்றி வைத்துவிட்டு டீ குடிப்பானே. மூடுபனிக்காக விட்ட புகை அளவு மீறி, ஆறு பேரும் ஒருவரை ஒருவர் காணாமல் தேடிய நாள். நம் அறையில் ஒரே கெண்டியை வைத்துக்கொண்டு நீ முட்டையும் அவித்து, அதே தண்ணீரில் டீயும் போட்டது. "சத்து வீணாகாதுடி" என்பாய். தொடரில் பத்துப் பேரைக் காப்பாற்றும் உன் டாக்டர் ஹெரிக், வீட்டில் என் காய்ச்சலுக்கு வெங்காயத்தைச் சுட்டுக் காலுறைக்குள் வைத்துக் கட்டினாள். அந்த நாட்களைப் போல அப்புறம் வரவில்லை, தெல்மா.

இதை எழுதிக்கொண்டே போகலாம் என்று மனசு சொல்கிறது. ஆனால் இதற்காக எழுதவில்லை.

ஜூலையில் டெஸ்மண்ட் என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். அந்த நான்கு நாடாக்களில் படப்பிடிப்பு நாளின் ஒலி முழுவதும் இருக்கிறது. நல்லது, கெட்டது, நடுவில் பேசியது எல்லாம். அதையும் வட்டில் சேர்க்கப் போகிறார்கள். "மொதல்ல நீங்க கேளுங்க நர்ஸ்" என்று பின்னறையில் உட்கார வைத்தார்.

உனக்கு அந்தக் காட்சியை நான் சொல்ல வேண்டியதில்லை. கோபுரத்தில் எல்லோரையும் பனி கொண்டுபோய்விட்டது. டாக்டர் மட்டும் வானொலி முன்னால். மூழ்கிய கப்பலிலிருந்து நர்ஸின் குரல் வரும், அங்கே தன்னோடு இருக்கிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லும். பதினொரு பெயர். கேமரா முழுக்க உன்மேல். நான் ஒரு பலகைக் கூண்டுக்குள் காகிதத்தோடு நின்றேன். ஏழாவது பெயர் கிளிஃபோர்ட்.

கதை எழுதியவருக்கு என் தம்பி கிளிஃபோர்டைத் தெரியாது. அவன் போன மீன்பிடிக் கப்பல் ஐஸ்லாந்துப் பக்கம் காணாமல் போய் இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. வேலை போய்விடும் என்று பயந்து ஸ்டூடியோவில் யாரிடமும் நான் சொல்லவில்லை. ஒரே அறையில் இருந்ததால் உனக்கு மட்டும் தெரியும்.

நான்கு தடவை அந்தப் பெயரில் நின்றேன். ஐந்தாவது தடவை சொல்லிவிட்டேன். அதற்குள் ஸ்டூடியோ நேரம் முடிந்துபோனது. மிச்சத்துக்காக மறுநாள் எல்லோரையும் திரும்ப வரவழைக்க வேண்டியதாயிற்று. தயாரிப்பாளர் உன்மேல் பாய்ந்தார். நீதான் வசனம் மறந்தாய் என்று அவர் தப்பாக நினைத்துக்கொண்டார் என்றே நான் இத்தனை காலம் நம்பியிருந்தேன். கூண்டை விட்டு வெளியே வந்து, "நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வருஷத் தொடரில் நீ இல்லை. உன் காட்சிகள் எனக்கு வந்தன.

நாடாவில் என் குரல் வருகிறது. ஆறு பெயர். அப்புறம் மூச்சு மட்டும். உடனே உன் குரல்: "மன்னிக்கணும், என் தப்பு. நான் முந்திட்டேன். மறுபடி போலாம்." இரண்டாவது தடவை, "எனக்கு இருமல் வந்துடுச்சு." மூன்றாவது தடவை, "மேசைக் காகிதத்தைத் தள்ளிட்டேன், என்னைத்தான் திட்டணும்." நான்காவது தடவை தயாரிப்பாளர் கத்துகிறார். நீ அமைதியாக, "வசனம் மறந்துபோச்சு சார். இன்னிக்கு எனக்கு மண்டை வேலை செய்யல" என்கிறாய்.

கூண்டுக்குள் எனக்கு இது எதுவும் கேட்கவில்லை, தெல்மா. சத்தியமாகக் கேட்கவில்லை. அது எனக்கு மன்னிப்பாகாது என்றும் தெரியும்.

ஏனென்றால் அதற்கப்புறம் நான் செய்தது உனக்குத் தெரியும். எண்பத்துமூன்றில் முதல் விழா. தெல்மா ஏன் போனாள் என்று யாரோ கேட்டார்கள். "கப்பல் கவுந்தது தெல்மாவுக்கு ஞாபகம் இருக்கும், வசனம்தான் ஞாபகம் இருக்காது" என்றேன். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு ஒரு ருசி உண்டு. அடுத்த வருஷமும் சொன்னேன். பிறகு அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள், "நர்ஸ், அந்த தெல்மா கதையைச் சொல்லுங்க" என்று. தொண்ணூற்றொன்றில் அதை வீடியோவில் பிடித்து ஊர் ஊராக அனுப்பினார்கள். அந்த வருஷம் உன் வாழ்த்து வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். கேட்காமல் இருந்துவிட்டேன்.

டெஸ்மண்ட் இயந்திரத்தை நிறுத்தினார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. "இதைக் கம்பெனிக்கு இன்னும் குடுக்கல, நர்ஸ். குடுக்காம விட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். அப்புறம், "ஒம்பது வயசுலேர்ந்து உங்களை நம்பினவன் நான். எனக்கு எது சரின்னு சொல்லத் தெரியல. நீங்களே சொல்லுங்க" என்றார். நான் உடனே 'கொடு' என்று சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று நாள் போனை எடுக்கவில்லை. நான்காம் நாள் காலை கூப்பிட்டு, "குடுங்க" என்றேன்.

இப்போது உன்னிடம் ஒரே கேள்வி. விழாவில் எழுந்து நின்று இதைச் சொல்ல நினைக்கிறேன். ஆனால் இதை மூடி வைத்தவள் நீ. உன் சம்மதம் இல்லாமல் திறக்க எனக்கு என்ன உரிமை? வேண்டாம் என்றால் நாடாவையும் நிறுத்தச் சொல்கிறேன்.

நீ வர முடிந்தால் மாடியறை காலியாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல். வராவிட்டாலும் ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டும்,
க்ளெனிஸ் ஓர்ம்


விட்பி,
அக்டோபர் 18.

அன்புள்ள தெல்மா,

ரோவெனாவின் கடிதம் விழாவுக்கு ஐந்து நாள் முன்னால் வந்தது. உன் பார்வை போனது எனக்குத் தெரியாது. என் கடிதத்தை அவள் இரண்டு தடவை உரக்கப் படித்தாளாம். முதல் தடவை முடிந்ததும் மறுபடி படிக்கச் சொன்னாயாம். இரண்டாம் தடவை சிரித்தாயாம். நீ சொன்னதை அவள் அப்படியே எழுதியிருக்கிறாள்: "சொல்லிட்டுப் போகட்டும். அம்பது வருஷம் வசனத்தை மறந்தவளுக்கு இப்பவாவது ஞாபகம் வந்துச்சே." விமானம் ஏறுவது பற்றி, "குளிக்கிற அறைக்குப் போகவே எனக்கு ஆள் வேணும், இதுல ஸ்கார்பரோவா!" என்றாயாம். அடுப்படியில் நின்றபடியே படித்தேன். டீ ஆறிப்போனது.

விழாவைப் பற்றிச் சொல்கிறேன். இருநூறு பேருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், அதற்கு மேல் சுவரோரம் நின்றார்கள். ரோனி வந்திருந்தான். காது சுத்தமாகக் கேட்பதில்லை, ஆனால் மீனும் சிப்ஸும் இரண்டு தட்டு சாப்பிட்டான். படம் போடுவதற்கு முன் டெஸ்மண்ட் என்னைப் பேசக் கூப்பிட்டார். முன்வரிசையில் யாரோ, "தெல்மா கதை!" என்று குரல் கொடுத்தார்கள்.

"அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றேன். கிளிஃபோர்ட் பெயரிலிருந்து ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. பின்னாலிருந்து ஒருவர் எழுந்து வெளியே போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டாவது வரிசையில் ப்ரெண்டா என்று ஒருத்தி, ஒரு விழா விடாமல் வருகிறவள், உரக்கச் சொன்னாள்: "நாங்களும்தானே சிரிச்சோம். ஒருத்தராவது அந்தம்மாவைக் கேட்டோமா?" டெஸ்மண்ட் விளக்கை அணைத்தார்.

தெல்மா, நான் அந்தப் பகுதியைப் பார்த்ததே இல்லை. படம்பிடித்த நாள் கூண்டுக்குள் இருந்தேன். ஒளிபரப்பிய நாள் ஹல்லில் அம்மாவோடு இருந்தேன். என் அம்மா டிவியைப் போடும் நிலையில் இல்லை. ஐம்பத்தொரு வருஷம் கழித்து, நீ எப்படி நடித்தாய் என்று சனிக்கிழமைதான் பார்த்தேன்.

நீ ஒன்றுமே செய்யவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறாய். ஒவ்வொரு பெயருக்கும் உன் முகம் வேறு மாதிரி கேட்கிறது. ஆறாவது பெயர் முடிந்ததும், என் குரல் வருவதற்கு முன்னால், உன் வலது கை மேசை விளிம்பைப் பிடிக்கிறது. விரல் நுனி வெளுத்துப் போகிறது. அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் அது டாக்டர் ஹெரிக்கின் பயம். எனக்கு மட்டும் தெரியும், நீ என்னைப் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் பெயரைச் சொல்லி முடித்ததும் கையை விடுகிறாய்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ரோனிக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அழுதுகொண்டே தட்டினான். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. டெஸ்மண்ட் அதை ஒலிப்பதிவு செய்து ரோவெனாவுக்கு அனுப்பியிருக்கிறார். வந்து சேர்ந்திருக்கும், போட்டுக் கேள். அது முழுக்க உனக்கு. எனக்கு அதில் ஒன்றும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. கிளம்பும்போது அவர் என் கோட்டை எடுத்துக் கொடுத்து, "பாத்துப் போங்க நர்ஸ்" என்றார். அது போதும்.

வட்டு நவம்பர் இருபதில் வருகிறது. உன் பிரதியைத் தபாலில் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உனக்குப் பார்க்க முடியாதே. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது கை எங்கே இருக்கிறது, இப்போது முகம் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ரோவெனாவுக்குப் போன் போட்டு, நானே கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். பின்னறையில் ஒரு கட்டில் இருக்கிறதாம். ஜனவரி ஒன்பதுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். முழங்காலை மடக்காமல் இருபத்தாறு மணி நேரம் எப்படி உட்காருவேன் என்று என் டாக்டர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

வர வேண்டாம் என்றால் ரோவெனாவிடம் சொல்லிவிடு, நான் வருத்தப்பட மாட்டேன். இது பொய், வருத்தப்படுவேன்.

மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள். குளிரில் வெளியே போகாதே. அங்கே ஜனவரியில் வெயில் என்று மறந்தே போனேன். அப்படியென்றால் வெயிலில் போகாதே. கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். நான் வந்து சேரும் வரை எங்கேயும் போய்விடாதே, தெல்மா.

உன்
க்ளெனிஸ்