பத்து நாளா காலி வாளி

ஏங்க, சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சுடவெச்சுக்கோங்க. கிளம்புறப்ப சாவியை எதிர்வீட்டு அக்காகிட்ட குடுத்துடுங்க.

நாடக விமர்சனத்துல நடிச்சவங்க பேரெல்லாம் வந்திருக்கு, மேடைக்கு விளக்கு போட்ட உங்க பேரு மட்டும் இல்லேன்னு நேத்து ஒரே புலம்பல். குடத்திலிட்ட விளக்கு, விழலுக்கு இறைச்ச நீர், காட்டுல காய்ஞ்ச நிலா, ஒண்ணையும் விடல.

சரி, சமையலறைக் குழாய் ஒழுகுதுன்னு தினமும் படுக்குறதுக்கு முன்னாடி வாளி வைக்கிறீங்களே, பத்து நாளா காலைல அது காலியாவே இருக்கே, ஏன்னு யோசிச்சீங்களா? வாஷர் மாத்தினது நான்தான். அந்த மூணுல எனக்கு எது?

இடமில்ல, ஓரத்துல எழுதறேன்: கடைசிக் காட்சியில கதாநாயகி முகத்துல வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைஞ்சப்ப நான் அழுதுட்டேன். அழுதது அவ நடிப்புக்கில்ல. இதை நானும்தான் உங்ககிட்ட சொல்லல.