பனிக்குளத்தில் நடந்த பரீட்சை

ஹார்லோ கிராமம், மாசசூசெட்ஸ்
1844 பிப்ரவரி 9

அன்பு மகள் கெசியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் அப்பா விஷயத்தில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே இல்லினாயில் உனக்கு வந்த குளிர்காய்ச்சல் விட்டுப் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

அப்பா தன் பள்ளிக்கூடத்துப் புத்தகங்களையெல்லாம் பரணில் ஏற்றியது உனக்குத் தெரியும். அறிவு மனிதனுக்குள்ளேயே இருக்கிறதாம், காடும் குளமும் அதைத் தட்டி எழுப்பினால் போதுமாம். ஆகவே அவரிடம் படிக்கிற பதினொரு பிள்ளைகளும் இந்தக் குளிர்காலம் முழுக்க உறைந்த குளத்தின் மேல்தான் படித்தார்கள். விற்பதற்காகப் பனிக்கட்டி அறுக்கிறவர்களோடு நின்று, தடியால் தட்டி, சத்தத்தை வைத்தே எங்கே கெட்டி, எங்கே மெல்லிசு என்று சொல்லப் பழகிவிட்டார்கள். ஊர்ப் பள்ளிக் குழுவுக்கு இது பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்று பேர் பரீட்சை வைக்க வந்தார்கள்; சரியில்லை என்றால் அப்பாவுக்கு வேலை போய்விடும். அவர்களில் ஒருவரான தேவாலய நிர்வாகி டீக்கன் விட்கம் எழுந்து ரஷ்யாவின் தலைநகரம் எது என்று கேட்டாராம். ஏழு வயது பேஷன்ஸ், நீங்க அங்க போயிருக்கீங்களா ஐயா என்றாளாம். இல்லை என்றாராம். அப்ப உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று அந்தக் குழந்தை நிஜமான அக்கறையோடு கேட்டிருக்கிறது. டீக்கன் முகம் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டதாம். உடனே அப்பா, பரீட்சையைக் குளத்தில் வையுங்கள் என்று எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போய், ஆன்மாவைப் பற்றிப் பேசியபடியே முன்னால் நடந்திருக்கிறார். அந்தப் பக்கம் வேணாம் சார், சத்தம் சரியில்ல சார் என்று பிள்ளைகள் கத்தியது அவர் காதில் ஏறவில்லை. பனி உடைந்து கழுத்தளவுத் தண்ணீருக்குள் போய்விட்டார். குழுவினர் மூவரும் கரையில் நின்று ஜெபித்தார்கள். பிள்ளைகள் குப்புறப் படுத்து, ஒருவர் காலை ஒருவர் பிடித்துக்கொண்டு, நீளத் தடியை நீட்டி அவரை இழுத்துப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது திட்டுவதைத் தள்ளிவைத்துவிட்டு, ஈரத் துணியை உருவி அவரைக் கம்பளியில் சுருட்டி அடுப்பருகே போட்டேன்.

நேற்று முடிவு வந்தது. பதினொரு பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். ஆசிரியர் தேறவில்லை, மார்ச் முதல் வேறு ஆள். அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, நியாயந்தான் லோயிஸ், நான்தானே காது கொடுக்கல என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

நீயாவது உன் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் ஒழுங்காகச் சொல்லிக்கொடு, கம்பளிக் காலுறை போடு. கர்த்தர் உன்னைக் காப்பாராக. ஒன்று மறந்துவிடாதே: அப்பாவுக்குத் தனியாக எழுது. ஆறுதல் சொல்லாதே. பாடத்தில் ஏதாவது சந்தேகம் கேள். மார்ச்சுக்குப் பிறகு அவரிடம் கேட்க நீ ஒருத்திதான் இருப்பாய்.

உன் அம்மா
லோயிஸ் டில்லிங்காம்