இடது முன்னங்காலில் இருந்த சூடு

அன்புள்ள பொஸ்,

மனைவிக்கு முழங்கால் நோ. ஸ்பிரிங்வேலில் வாங்கிய தைலத்தை இன்று காலை அவளுக்குத் தேய்த்துவிட்டேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. "என்னப்பா, ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். உங்கள் குதிரை லாயம் முழுக்க இதே நெடிதான்.

நீங்கள் இங்கிலாந்தில் பந்தயக் குதிரை ஓட்டும் ஜொக்கியாக இருந்து, விழுந்து இடுப்பு முறிந்தபின் மெல்பேர்ன் வந்து பந்தயக் குதிரைப் பயிற்சியாளர் ஆனவர். பெரிய கோப்பை ஒன்றுகூட எடுத்ததில்லை. யாராவது அதைக் கிளறினால், "என் குதிரைகள் நாலு காலில் வீடு வந்தன, அது போதும்" என்பீர்கள். குதிரையைக் கிட்டத்தில் பார்த்தே இராத எனக்கு, அகதியாகப் படகில் வந்தவனுக்கு, வேலை தந்த முதலாளி நீங்கள்.

விடியற்காலையில் ஒவ்வொரு குதிரையின் காலையும் மேலிருந்து கீழே தடவிப் பார்க்க வேண்டும். எங்காவது சூடு தெரிந்தால் உள்ளே காயம் என்று அர்த்தம்; அன்று அதை ஓட விடக்கூடாது. முதலில் நான் தடவுவேன், பிறகு நீங்கள். மூன்று வருடத்தில் நீங்கள் தடவுவதை நிறுத்திவிட்டு என்னைக் கேட்பதோடு விட்டுவிட்டீர்கள். எனக்குத் தலைகால் தெரியாத புளுகம், அப்படியொரு சந்தோசம்.

மனைவியின் தமையன் கணக்காளர். கோயிலில் நாலு பேருக்கு முன்னால், "என்ன மச்சான், இன்னும் குதிரைச் சாணிதான் அள்ளுறீரோ?" என்று கேட்பார். நானும் பல்லைக் காட்டுவேன். அந்தச் சனிக்கிழமைப் பந்தயத்துக்கு முன், நம் செந்நிறப் பெண்குதிரையை நான் கோட்டும் டையுமாகப் பிடித்துக்கொண்டு நடப்பது ரீவியில் வரும் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். "ஓம் ஓம், கட்டாயம் பாக்கிறம்" என்றார் அவர்.

அன்று காலை குதிரையின் இடது முன்னங்காலில் சூடு இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது. நீங்கள் வாசலில் நின்று கேட்டீர்கள். "ஓல் குட், பொஸ்" என்றேன், எல்லாம் சரி என்று.

ரீவியில் நன்றாகத்தான் தெரிந்தேனாம். கடைசி வளைவில் அவள் கால் முறிந்தது. பச்சைத் திரையைப் பிடித்து, அதற்குப் பின்னால் ஊசி போட்டு அவள் உயிரை முடித்தார்கள். விசாரணையில், குதிரையின் காலைத் தடவிப் பார்த்தது யார் என்று கேட்டபோது, என் பக்கம் திரும்பாமலே "நான்தான்" என்றீர்கள். உங்கள் லைசன்ஸ் போயிற்று. நான் வாய் திறக்கவில்லை. லாயம் கைமாறியபின் பஸ் ஓட்டப் போனேன். இரண்டு தரம் உண்மையைச் சொல்லத்தான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். சீ, நானும் ஒரு மனிசன்.

உங்கள் இறுதிச் சடங்கில் உங்கள் மகள் என்னைக் கூட்டிப்போய், வந்திருந்தவர்களுக்குக் காட்டினாள். "அப்பாவிடம் ஒருநாளும் பொய் சொல்லாத ஆள் இவர்" என்றாள். நான் தலையைக் குனிந்து, "தாங்க் யூ" என்றேன்.

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அவளிடமிருந்து கார்ட் வருகிறது. நானும் தவறாமல் பதில் போடுகிறேன், பிள்ளைகள் சுகம், வெயில் கடுமை என்று. இறந்துபோன உங்களுக்கு இவ்வளவும் எழுத வருகிறது, பொஸ். அவளுக்கு இதில் ஒரு வரி எழுத வரவில்லை.